கர்ப்பப்பை வாயின் காவல்

வெள்ளைப்படுதல் என்று சொன்னாலே, காவிரியின் கடைமடையில் வாழும் ஸ்திரீகளில் அநேகர் அதை உடம்புச் சூட்டின் விளைவென்று தாமே தீர்மானித்துக்கொண்டு, ஊறவைத்த வெந்தயத்தை விழுங்குவதும் நீராகாரம் அருந்துவதும் எண்ணெய் தேய்த்து முழுகுவதுமாகச் சில நாட்களைக் கழித்துவிட்டு, அதன் பின்னும் அது நிற்காதபோது, மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லக் கூசி, ஆண்டுக்கணக்கில் அடக்கிக்கொண்டே காலந்தள்ளுவது வழக்கம். கோட்டுச்சேரியாயினும் நிரவியாயினும், திருமலைராயன்பட்டினத்து மீனவர் தெருவாயினும் நெடுங்காட்டு வயற்புறமாயினும், காரைக்கால் பிரதேசத்தில் இந்தக் கூச்சத்துக்கு ஜாதி மத பேதம் கிடையாது. ஆனால் அந்த ஈரம் முழுவதும் வியாதியன்று. அதற்குள் சரீரம் தனக்கென்று ஏற்படுத்திக்கொண்ட ஒரு காவலும் அடங்கியிருக்கிறது. அந்தக் காவல் குலைவதற்கும் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முன்னோடியான மாறுதல்கள் தோன்றுவதற்கும் சம்பந்தம் உண்டு என்பதைச் சமீபகால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள்

பால் புளிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளே காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பஸ்தேர் 1857-ல் எடுத்துக்காட்டியபோது, காரைக்கால் அவருடைய தேசத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1892-ல், ஜெர்மானிய மருத்துவரான ஆல்பர்ட் டோடர்லைன், ஆரோக்கியமான பெண்களின் யோனிக் குழாயிலும் அமிலம் சுரக்கும் ஒருவகைக் கிருமிகள் நிரந்தரமாகக் குடியிருப்பதைக் கண்டு எழுதினார். இன்று லாக்டோபாசில்லஸ் என்ற பேரினப் பெயரால் நாம் அறிவன அவையே.

பெண் பருவமெய்தியதும், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் யோனியின் உட்சுவர் தடித்து, அதன் செல்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து சேர்கிறது. அந்தச் சத்து சிதைந்து சர்க்கரையாக, லாக்டோபாசில்லஸ் அதை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதனால் அவ்விடத்தின் பி.எச். எண் (இது குறையக் குறைய அமிலம் மிகும்) 3.5 முதல் 4.5 வரையில் நிலைத்து நிற்க, தீங்கு செய்யும் கிருமிகள் அங்கே பெருக இயலாமற் போகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கிளைக்கோஜனும் குறைகிறது. அதனுடன் இந்தக் காவலும் தளர்கிறது.

எல்லாப் பெண்களிடமும் இந்தக் குடியிருப்பு ஒரே மாதிரியாக இருப்பதில்லை. ஜாக் ராவல் என்பவரும் அவருடைய சகாக்களும் வட அமெரிக்காவில் நோய்க்குறி ஏதுமில்லாத 396 பெண்களைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வகைத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். நான்கில் லாக்டோபாசில்லஸின் ஏதேனும் ஓர் இனம் ஆதிக்கம் செலுத்தியது. எஞ்சிய ஒன்றிலோ ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வளரும் பலவகைக் கிருமிகள் கலந்து கிடந்தன. இந்தக் கலப்பு வகையைக் கொண்டவர்களும் அன்று ஆரோக்கியமாகவே இருந்தார்கள் ஆதலால், அதை மாத்திரம் வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்துவது தகாது.

காவல் குலையும்போது

காரைக்காலின் அரசலாற்றில் மேற்கிலிருந்து நன்னீர் இறங்கிக்கொண்டிருக்கும் வரையில் கடலின் உப்பு முகத்துவாரத்தை விட்டு அதிக தூரம் ஏறுவதில்லை. வரத்து குன்றிய கோடையிலோ, யாரும் அழைக்காமலே அது உள்ளே புகுந்துவிடுகிறது. லாக்டோபாசில்லஸ் குறைந்த இடத்தில் கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா, ஸ்னீத்தியா முதலிய கிருமிகள் பெருகுவதும் இத்தகையதே. பி.எச். எண் 4.5-க்கு மேல் உயர்ந்து, சாம்பல் நிறமான நீர்த்த கசிவும் மீன் கவிச்சை போன்ற வாடையும் காணும் இந்த நிலைக்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர். தயிர்த்திப்பி போன்ற கசிவும் கடும் அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் காளான் தொற்று. அதற்கு மருந்து வேறு. பக்கத்துவீட்டார் வாங்கிய மாத்திரையைத் தானும் வாங்கி விழுங்குவதில் உள்ள அபாயம் இதனால் விளங்கும்.

இந்தக் குலைவுக்குக் காரணங்கள் பல. சுத்தம் என்று எண்ணிக்கொண்டு சோப்பு நீரையோ கிருமிநாசினியையோ யோனிக்குள் செலுத்திக் கழுவுவது, புகைபிடித்தல், புதிய உடலுறவுகள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அடிக்கடி உட்கொள்ளுதல் ஆகியவை அவற்றுள் சில. கழுவ வேண்டியது புறப்பகுதியை மாத்திரமே. அதற்குச் சாதாரண நீர் போதும். உட்பகுதியைச் சரீரம் தானே தூய்மை செய்துகொள்ளும்.

வைரஸும் முன்நிலை மாறுதலும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலகாரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதை நிலைநாட்டிய ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பினும், 16, 18 என்ற எண்களைக் கொண்ட இரண்டு வகைகளே ஏறத்தாழ 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன. உடலுறவின் வாயிலாகப் பரவும் இது, தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையேனும் தொற்றக்கூடியது ஆகையால், தொற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒருவருடைய ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது அறியாமையேயன்றி வேறில்லை.

பத்தில் ஒன்பது தொற்றுகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரண்டாண்டுகளுக்குள் நீக்கிவிடும். நீங்காமல் தங்கிவிட்ட தொற்றுத்தான் கர்ப்பப்பை வாயின் மேற்தோல் செல்களை மெல்ல மெல்லப் பேதப்படுத்துகிறது. மாறுதல் மேற்தோலின் மூன்றில் ஒரு பாகத்தில் அடங்கியிருந்தால் முதல் படி. மூன்றில் இரண்டு பாகம் வரை எட்டினால் இரண்டாம் படி. அதற்கும் மேற்பட்டு முழுக் கனத்தையும் பற்றினால் மூன்றாம் படி. முதல் படியில் பெரும்பான்மை தானாகவே மறைந்துவிடும். மேற்படிகள் சிகிச்சையின்றி விடப்பட்டால், சாதாரணமாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகளிலும், எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலும் புற்றுநோயாக முற்றக்கூடும். இந்த நீண்ட காலம் முழுவதும் வலியில்லை, இரத்தமில்லை, யாதொரு அறிகுறியும் இல்லை. அபாயமும் அதுவே, நமக்குக் கிடைத்த அவகாசமும் அதுவே.

காவலுக்கும் மாறுதலுக்கும் உள்ள சம்பந்தம்

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்நிலை மாறுதலின் படி உயர உயர லாக்டோபாசில்லஸின் ஆதிக்கம் குறைந்து பிற கிருமிகளின் கலப்பு அதிகரித்திருந்தது. 2020-ல் வெளியான அடுத்த ஆய்வில், இரண்டாம் படி மாறுதல் கண்ட இளம் பெண்களைச் சிகிச்சையின்றி இரண்டாண்டுகள் கண்காணித்தபோது, லாக்டோபாசில்லஸ் மிகுந்திருந்தவர்களிடம் மாறுதல் மறைவதற்கான வாய்ப்பு கூடுதலாகவும், அது குறைந்திருந்தவர்களிடம் மாறுதல் நீடிப்பதாகவும் தெரியவந்தது. அமிலம் குறைந்து அழற்சி மிகும்போது சளிப்படலம் பழுதுற்று, வைரஸ் தங்குவதற்கு இடம் எளிதாகிறது என்பது இதற்கு விஞ்ஞானிகள் கூறும் விளக்கம்.

ஆயினும், இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் மாத்திரம் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வைரஸே அங்குள்ள கிருமிகளின் குடியிருப்பைக் கலைத்திருக்கவும் கூடும். மேலும் கர்ப்பப்பை வாயைக் காக்கும் இனங்களும் தயிரில் உள்ள இனங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் ஒன்றல்ல. தயிர் நல்ல ஆகாரம், சந்தேகமில்லை. ஆனால் அதை உண்பதோ அவ்விடத்தில் பூசுவதோ முன்நிலை மாறுதலுக்குச் சிகிச்சையாகாது.

திண்டுக்கல் தந்த பாடம்

இந்த நோயைத் தடுப்பதில் தமிழ்நாடு உலகுக்கே ஒரு முன்மாதிரியை அளித்திருக்கிறது. டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தின் துணையுடன், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமந்தோறும் சென்று, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களில் முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதனை மிக எளியது: நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், மாறுதல் கண்ட இடம் வெளுத்துத் தோன்றும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையச்செய்து அழிக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே அளித்தார்கள். 2007-ல் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவின்படி, பரிசோதனை நடவாத கிராமங்களைவிட இக்கிராமங்களில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. பெரிய இயந்திரங்களும் பெரிய பட்டணமும் இல்லாமலே இது சாதிக்கப்பட்டது.

அவ்வாறிருந்தும், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு தடவையேனும் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்தியா முழுவதிலும் 1.9 சதவீதமே. 2022-ல் நம் தேசத்தில் 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் மாண்டதாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிடுகிறது.

காரைக்கால் பெண்கள் செய்யத்தக்கவை

புதுச்சேரியிலிருந்து நூற்றுமுப்பது கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் பிரதேசமாயினும், காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை உண்டு; ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு; பிரெஞ்சுக்காரர் 1823-ல் புதுச்சேரியில் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மருக்கு இங்கே 2016 முதல் ஒரு கிளையும் உண்டு.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும், தொல்லை ஏதும் இல்லாவிடினும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அசெட்டிக் அமிலப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், எச்.பி.வி. பரிசோதனை கிடைக்குமாயின் அது அதனினும் நுட்பமானது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் இன்னும் இளவயதிலேயே தொடங்கிக் குறைந்த இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும். ஒன்பது முதல் பதினான்கு வயது வரையிலான பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவது உத்தமம். ஒரு தவணையோ இரண்டோ போதுமென்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்திருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பின்னாளில் பரிசோதனை அவசியம். உறவுக்குப் பின் இரத்தம் காண்பதும், மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் உதிரம் படுவதும், இரத்தம் கலந்த துர்நாற்றக் கசிவும் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

உள்ளிருக்கும் நுண்ணுயிர்களைச் சோப்பினாலும் தாமே வாங்கிய மருந்தினாலும் கெடுக்காமல் விட்டுவைப்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காவலை மாத்திரம் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமாகாது. வீட்டிலுள்ள தாயையும் மனைவியையும் சகோதரியையும், கூச்சத்தைப் போக்கி, இந்த மாதத்திலேயே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வது ஆண்மக்களின் கடமையும் ஆகும்.