பல் எக்ஸ்ரேயும் கரையோரக் கடலும்

1896இல் ஜெர்மனியின் ஒட்டோ வால்கொஃப் தன் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் கதிரின் முன் கிடந்தார்; இன்று ஒரு நொடிகூட வேண்டாம். 1987இல் பிரான்சில் அறிமுகமான டிஜிற்றல் சென்சர் கதிர்வீச்சை மேலும் குறைத்தது. ஆனால் ஒலுவில் துறைமுகத்தை அண்டிய ஊர்களுக்கு, ஃபிலிமை விட்டு டிஜிற்றலுக்கு மாற அதைவிடப் பெரிய காரணம் கழிவுதான். ஃபிலிம் கழுவிய ஃபிக்ஸர் என்ற மருந்துநீரில் வெள்ளி கரைந்திருக்கும். ஒவ்வொரு ஃபிலிம் உறைக்குள்ளும் மெல்லிய ஈயத்தகடு உண்டு. வாய்க்காலில் விட்டால் அவை போய்ச் சேருவது மீன்பிடிக்கும் நீரில்.

சென்சர் விலை கூட, தடிப்பு, வாயில் வைத்தால் குமட்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இருட்டறைச் செலவும் மருந்துநீர்ச் செலவும் அடியோடு நின்றுவிடும். எளிதென்று திரும்பத் திரும்பப் படமெடுத்தால் மட்டும் குறைந்த கதிர்வீச்சின் பயன் வீணாகும். டிஜிற்றலுக்கு மாறுகிற பல் வைத்தியர்களே, மிஞ்சிய ஃபிக்ஸரைத் தயவுசெய்து வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.