வளர்த்த பிள்ளையை விற்கலாமா?



சில நாட்களுக்கு முன் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். மாலை நேரம். கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து இங்கிலாந்துக் காற்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழு, தான் சிறு வயதிலிருந்தே வளர்த்த ஆட்டக்காரனை வேறொரு குழுவுக்கு விற்றுவிட்டது என்பதுதான் பேச்சு. அங்கிருந்த பழைய மண்டோர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. “ஆறு வயசிலிருந்து வளர்த்த பிள்ளையை விக்கிறதா? இது என்னப்பா நியாயம்?” என்றார். அவருடைய பேரன் விடவில்லை. “விக்காம கிளப்பை எப்படி நடத்துறது தாத்தா?” என்றான். “அப்படின்னா வீட்டை நடத்த உங்கப்பன் உன்னை விப்பானா?” என்று கிழவர் திருப்பிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரேடியோவிலே பேசுறீங்களே, நீங்க சொல்லுங்க ஐயா” என்றார்.

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ‘விற்பது’ என்றால் என்ன? ஆளை யாரும் விற்பதில்லை. ஆட்டக்காரனும் குழுவும் இத்தனை ஆண்டுகளுக்கு என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் காலம் முடிவதற்குள் வேறு குழு அவனைக் கேட்டால், ஒப்பந்தத்தை விட்டுக்கொடுப்பதற்கு முதல் குழு ஒரு தொகை வாங்கிக்கொள்கிறது. அவன் சம்மதிக்காவிட்டால் காரியம் நடக்காது. ஆகவே பேரனைச் சந்தையில் நிறுத்துவதாக மண்டோர் தாத்தா கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் அவர் கோபத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரன் விடுதலை பெற மாட்டான். புதிய குழு பணம் கட்டினால்தான் பழைய குழு அவனை விடும். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த கதையைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒப்பந்தக் காலம் தீர்ந்தாலும் கடன் தீராமல் தோட்டத்திலேயே கட்டுண்டு கிடந்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஆள்சேர்ப்பு 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. காற்பந்துக்காரனின் கட்டு அவிழ 1995 வரை ஆயிற்று. (இருவர் பட்ட பாடும் ஒன்றல்ல, அதை நான் மறந்துவிடவில்லை.)

கட்டை அவிழ்த்தவர் பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் ஜான் மார்க் பாஸ்மன். லியேஜ் நகரக் குழுவோடு அவருடைய ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. குறைந்த சம்பளத்துக்கு இருக்கச் சொன்னார்கள். அவர் பிரான்சு நாட்டு டன்கர்க் குழுவுக்குப் போக விரும்பினார். பணப் பேச்சு முறிந்து, போக முடியாமல் போயிற்று. வழக்குத் தொடுத்தார். 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவன், பணம் எதுவும் கட்டப்படாமலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டுக் குழுவுக்குப் போகலாம் என்பது அதன் சாரம். அதற்குள் பாஸ்மனின் ஆட்ட வயது கழிந்துவிட்டது. பலன் அடைந்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்தத் தீர்ப்பால் முதலில் அடிபட்ட பெரிய குழு, ஆலந்து நாட்டின் அயாக்ஸ். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் குழு அது. பிள்ளைகளை வளர்ப்பதில் உலகத்திற்கே பாடம் சொன்ன குழு என்று சொன்னால் மிகையாகாது. அவர்களுடைய பயிற்சித் திடலின் பெயருக்கே ‘எதிர்காலம்’ என்றுதான் பொருள். எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகளை எடுத்துக்கொள்வார்கள். எல்லா வயதுக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே முறையில்தான் ஆடும். அதனால் மேலே ஏறும் பையனுக்கு ஆட்டம் புதிதாக இருக்காது.

1995 மே மாதம் வியன்னாவில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் பலம் பொருந்திய ஏசி மிலான். ஆட்டம் முடிய ஐந்தே நிமிடம் இருக்கும்போது பேட்ரிக் கிளைவர்ட் கோல் போட்டார். அவருக்கு அப்போது வயது பதினெட்டு. பந்தைத் தட்டிக் கொடுத்தவர் முப்பத்திரண்டு வயது ரைக்கார்ட். இருவருமே அயாக்ஸ் வளர்த்த பிள்ளைகள். ஒருவர் வெளியே சுற்றிவிட்டு வீடு திரும்பியவர். மற்றவர் இனிமேல்தான் வெளியே போகப் போகிறவர்.

பாஸ்மன் தீர்ப்பு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். 1996இல் டேவிட்ஸும் ரைசிகரும் ஒப்பந்தம் முடிந்து மிலானுக்குப் போனார்கள். 1997இல் கிளைவர்ட்டும் அதே வழியில் அங்கேயே போனார். அயாக்ஸுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. தோல்வி கொடுத்த குழுவிடமே தோற்ற குழு பிள்ளைகளை இலவசமாக அழைத்துக்கொண்டு போய்விட்டது! விற்கவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேள்வி, வைத்திருப்பதா விற்பதா என்பது மட்டுமல்ல. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்பதும் கேள்விதான்.

அயாக்ஸ் பாடம் கற்றுக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் அதே குழு ரியல் மாட்ரிட்டை அதன் சொந்தத் திடலில் நாலுக்கு ஒன்று என்று வென்றது. அடுத்து யுவெண்டஸை வென்றது. அரையிறுதியில் இலண்டன் டாட்டன்ஹாம் குழுவிடம் கடைசி மூச்சில் தோற்றது. அந்தக் குழுவின் தலைவர் மத்தியாஸ் டி லிக்ட். வயது பத்தொன்பது. ஒன்பது வயதில் அங்கே சேர்ந்தவர். அந்தக் கோடையிலேயே அவரை யுவெண்டஸுக்கு 75 மில்லியன் யூரோவுக்கு விற்றார்கள். அவர் பெரிய குழுவில் ஆடி, பட்டம் வென்று, பெயர் வாங்கிய பிறகுதான் விற்றார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ரப்பர்க் கன்று வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகிறது. அதற்குள் வெட்டினாலும் நட்டம், பால் வற்றும்வரை ஒன்றும் செய்யாமல் நின்றாலும் நட்டம். காலம் தெரிய வேண்டும்.

காலம் தவறியதற்கு இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழுவைச் சொல்லலாம். துறைமுக நகரத்துக் குழு. இதன் பயிற்சிக்கூடத்திலிருந்து வந்தவர் கேரத் பேல். 2007இல், பதினேழு வயதில் அவரை டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். முதலில் ஐந்து மில்லியன் பவுன். அவர் ஆட ஆட அது பத்து மில்லியன் வரை உயரலாம் என்று ஏற்பாடு. ஆனால் சவுத்தாம்டனுக்கு அப்போது பண முடை. தவணைக்குக் காத்திருக்க முடியவில்லை. பின்னால் வரவேண்டியதை விட்டுக்கொடுத்து, மொத்தம் ஏழு மில்லியனோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள். அவசரத்துக்கு நகையை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட குடும்பங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. அப்படியும் முடை தீரவில்லை. 2009இல் குழுவை நடத்திய நிறுவனம் நொடித்தது. குழு மூன்றாம் நிலைக்கு இறங்கியது. 2013இல் அதே பேலை ரியல் மாட்ரிட் ஏறக்குறைய 85 மில்லியன் பவுன் கொடுத்து வாங்கியது. விற்ற பணமெல்லாம் டாட்டன்ஹாமுக்கு.

அதே சவுத்தாம்டன், கதையின் மறு பக்கத்தையும் காட்டியது. புது முதலாளி வந்து, குழு 2012இல் முதல் நிலைக்குத் திரும்பியது. 2014 கோடையில் தான் வளர்த்த லூக் ஷா, ஆடம் லலானா, கேலம் சேம்பர்ஸ் மூவரையும் பெரிய குழுக்களுக்கு விற்றது. பதினெட்டு வயது ஷாவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 மில்லியன் பவுன். குழு அழிந்தது என்றார்கள் பலர். வந்த பணத்தில் யோசித்து ஆள் எடுத்தார்கள். செனகல் நாட்டு சாடியோ மானே அப்படி வந்தவர்தான். முந்தைய ஆண்டு எட்டாம் இடம். விற்ற பிறகு ஏழாம் இடம். அடுத்த ஆண்டு ஆறாம் இடம். ஆனால் ஆண்டுதோறும் விற்றுக்கொண்டே ஆண்டுதோறும் சரியான ஆளையும் பிடிக்க யாரால் முடியும்? 2023இல் குழு மறுபடி கீழே இறங்கியது.

வைத்துக்கொண்டு வென்றவர்களும் உண்டு. மான்செஸ்டர் யுனைட்டட் 1992இல் இளைஞர் கிண்ணம் வென்றது. கிக்ஸ், பெக்கம், பட், கேரி நெவில் எல்லாரும் அந்த அணியில் இருந்தவர்கள். 1995இல் பெரிய ஆட்டக்காரர்கள் சிலரை அனுப்பிவிட்டு இந்தப் பிள்ளைகளை இறக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. சிறு பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று தொலைக்காட்சியில் கேலி செய்தார்கள். அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் எஃப்.ஏ. கிண்ணமும் அவர்களுக்கே. 1999இல் மூன்று கிண்ணங்கள்.

அதே குழுதான் 2012இல் பால் போக்பாவைக் கைநழுவ விட்டது. பெரிய குழுவில் ஆட வாய்ப்புக் குறைவு, ஒப்பந்தமும் முடிந்தது. பத்தொன்பது வயதுப் பையன் யுவெண்டஸுக்குப் போய் நான்கு ஆண்டில் நான்கு லீக் பட்டம் வென்றான். 2016இல் அவனைத் திரும்ப வாங்க யுனைட்டட் கொடுத்தது 89 மில்லியன் பவுன், அன்றைய உலகச் சாதனை விலை. 2022இல் ஒப்பந்தம் முடிந்து மீண்டும் இலவசமாகவே போய்விட்டார். ஒரே ஆளை இரண்டு முறை சும்மா விட்ட குழுவைப் பற்றி நான் என்ன சொல்ல?

இனி, பேரன் கேட்ட கேள்வி. ஏன் பணக்காரக் குழுக்கள்கூடச் சொந்தப் பிள்ளைகளை விற்கின்றன? இதற்குக் கணக்குப் புத்தகத்தில் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 2013இல் குழுக்களின் நட்டத்துக்கு வரம்பு கட்டியது: மூன்று ஆண்டில் 105 மில்லியன் பவுனுக்கு மேல் போகக் கூடாது என்பது அப்போதைய விதி. இப்போது ஒரு குழு 50 மில்லியன் கொடுத்து ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்குகிறது என்று வையுங்கள். ஆண்டுக்குப் பத்து மில்லியன் செலவு என்று எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து 40க்கு விற்றால், புத்தகத்தில் அவர் பெயரில் 30 மிச்சம் இருப்பதால் இலாபம் பத்துதான். வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிய விலை கிடையாது. புத்தகத்தில் அவன் மதிப்புப் பூஜ்யம். அவனை 40க்கு விற்றால் நாற்பதும் இலாபம். 2023இல் செல்சி குழு, ஆறு வயதிலிருந்து தன்னிடம் இருந்த மேசன் மவுண்டை 55 மில்லியன் பவுனுக்கு விற்றது. ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம் என்பதும் உண்மை. ஆனாலும் இந்தக் கணக்கு முறை, ஊர்க்காரப் பிள்ளையை முதலில் விற்கத் தூண்டுகிறது. மண்டோர் தாத்தாவின் கோபம் இங்கே நியாயம் என்பது என் கருத்து.

சின்னக் குழுக்களின் துன்பம் வேறு. இலண்டனின் பிரென்ட்ஃபோர்ட் குழு 2016இல் தன் பயிற்சிக்கூடத்தையே மூடிவிட்டது. பாடுபட்டு வளர்க்கும் பையன்களைப் பதினாறு வயதுக்குள் பெரிய குழுக்கள் சொற்பத் தொகைக்குத் தூக்கிக்கொண்டு போனால் யார்தான் வளர்ப்பார்கள்? பல ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் மறுபடி திறந்தார்கள்.

இதுவரை குழுவின் பக்கமே பேசினேன். பையனின் பக்கம்? அவனுக்கு வேண்டியது ஆட்டம். அயாக்ஸ் வளர்த்த டோனி வான் டி பீக் 2020இல் மான்செஸ்டர் யுனைட்டடுக்குப் போனார். சம்பளம் பெரிது, பெயர் பெரிது. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆட வேண்டிய வயது நான்கு ஆண்டு அப்படியே போயிற்று. விற்கும் பேச்சு வந்தால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது பணத்தை அல்ல. அந்தக் குழுவில் அவன் இடத்தில் ஏற்கனவே யார் ஆடுகிறார், அவருக்கு வயதென்ன என்று கேளுங்கள். இன்னொன்று, பயிற்சிக்கூடத்தில் சேரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை யாரும் வைத்துக்கொள்வதுமில்லை, விற்பதுமில்லை. பதினாறு, பதினெட்டு வயதில் ‘போய் வா’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பள்ளிப் படிப்பு எப்படி நடக்கிறது, எந்தத் தேர்வு எழுத வைக்கிறார்கள் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை நாடு விட்டு நாடு மாற்ற, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. சின்னப் பையனை வெளிநாட்டுக் குழுவில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டு வந்தால், அந்த ஒரு விதியை அவரிடம் சொல்லிப் பாருங்கள். பதில் என்ன வருகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்த சின்னக் குழுவுக்கும் ஃபிஃபா ஒரு வழி வைத்திருக்கிறது. ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, தொகையில் நூற்றுக்கு ஐந்து, பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயதுவரை அவரைப் பயிற்றிய குழுக்களுக்குப் பங்காகப் போகும். ஒரு மில்லியன் யூரோவுக்கு விற்றால், பன்னிரண்டு முதல் பதினைந்து வரை அவரை வைத்திருந்த குழுவுக்குப் பத்தாயிரம் யூரோ. 2022 முதல் பாரிசில் இதற்கென்று ஓர் அலுவலகமே இயங்குகிறது. ஆனால் அந்தக் குழு சங்கத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பையன் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை ஆடினான் என்று பதிவும் இருக்க வேண்டும். அன்று அந்தத் தோட்டத்துக் குழுச் செயலாளரிடம் இதைச் சொன்னபோது, பிள்ளைகளின் பெயரெல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.