முத்தம் அறியாத பெண்ணும் ஓர் ஆண்டுக் கணக்கும்

'பெசாமே மூச்சோ' என்ற ஸ்பானிய மொழிப் பாடலைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை கூடவே வந்துவிடும். மெக்சிகோவைச் சேர்ந்த கொன்சுவேலோ வெலாஸ்கேஸ் இதை எழுதியபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லையாம். அதுவரை அவரை யாரும் முத்தமிட்டதும் இல்லையாம். 'என்னை நிறைய முத்தமிடு' என்று பொருள்படும் பாடலை எழுதியவருக்கு முத்தமே தெரியாது! கேட்ட மாத்திரத்தில் மனதில் ஒட்டிக்கொள்ளும் கதை. ஒட்டிக்கொள்வதால்தான் யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரித்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் சிலர் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதிய கட்டுரையை, அதில் பெரிதாகக் கைவைக்காத இன்னொருவர் வரி வரியாகச் சோதித்து 'நல்ல கட்டுரை' என்று தரச்சான்று அளிக்கும் வழக்கம் 2005 முதல் இருக்கிறது. சோதிப்பவருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் அவர் யார் என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் சுமார் 70 லட்சம் கட்டுரைகளில் இந்தச் சோதனையில் தேறியவை 40 ஆயிரம் சொச்சம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் கூட்டத்தில் லத்தீன் அமெரிக்கக் காதல் பாடல்களைப் பற்றிய கட்டுரைகளும் இருக்கின்றன. ஒரு மெல்லிசைப் பாட்டைப் பற்றி எழுத இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். முத்தக் கதையையே எடுத்துச் சோதித்துப் பார்ப்போம்.

'வெலாஸ்கேஸ் பதினாறு வயது நிரம்பும் முன், முத்தம் அறியாமலே இதை எழுதினார்' என்பது பார்வைக்கு ஒரே வாக்கியம். சோதிப்பவர் கண்ணுக்கு இது இரண்டு. முத்தம் அறியாதது அவர் ஒருவருக்கே தெரிந்த செய்தி. அதற்கு ஆவணம் கேட்க முடியாது. அவரே பிற்காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பதால், 'வெலாஸ்கேஸ் சொன்னபடி' என்று இரண்டு சொல் முன்னால் சேர்த்தால் போதும். வயது அப்படிப்பட்டதல்ல. அதற்குப் பிறந்த ஆண்டு வேண்டும், பாடல் எழுதிய ஆண்டும் வேண்டும்.

இங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. வெலாஸ்கேஸ் பிறந்தது 1916 என்று சில நூல்கள் சொல்கின்றன. 1920 என்றும் 1924 என்றும் சொல்பவை உண்டு. பாடல் பிறந்தது 1940 என்பது பரவலான குறிப்பு; 1932 என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1916-இல் பிறந்தவருக்கு 1940-இல் இருபத்து மூன்றோ இருபத்து நான்கோ வயது, கதை பொய்த்துவிடுகிறது. பிறந்தது 1924 என்றால் கதை கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. பிறந்த ஆண்டை 1916 என்றே வைத்துக்கொண்டு கதையையும் காப்பாற்ற வேண்டுமா? பாடலை 1932-க்குத் தள்ளிவிட வேண்டும். 1924, 1932 என்ற இரண்டு மாற்று ஆண்டுகளும் கதைக்கு எங்கே தேவையோ சரியாக அங்கே போய் நிற்கின்றன. ஆண்டுகளிலிருந்து கதை பிறக்கவில்லை, கதையிலிருந்துதான் ஆண்டுகள் பிறந்திருக்கின்றன என்பது என் ஊகம்.

இந்த ஊகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இதை விக்கிப்பீடியாவில் எழுதினால் நிற்காது. இரண்டு சான்றுகளை நாமே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது முடிவைச் சொல்வது 'சொந்த ஆய்வு'. கட்டுரையாளனுக்கு அந்த உரிமை உண்டு, கலைக்களஞ்சியத்துக்குக் கிடையாது. சோதிப்பவர் அந்த வரியை எடுத்துவிட்டு, 'பிறந்த ஆண்டைப் பற்றி நூல்கள் மாறுபடுகின்றன' என்று ஒவ்வொன்றுக்கும் சான்றோடு எழுதச் சொல்வார். பார்க்க உப்புச்சப்பில்லாத வரி. ஆனால் எவரும் நூலைத் திறந்து சரிபார்க்கக்கூடிய வரி. இந்தக் கட்டுப்பாட்டை நான் மெச்சுகிறேன். ஊகம் சரியாகவே இருந்தாலும், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடத்தில் ஊகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் அடுத்த ஆளின் கற்பனையை நிறுத்த வழியில்லை.

'நல்ல கட்டுரை'க்கு ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், நடுநிலை வேண்டும், கட்டுரை நாளுக்கொரு சண்டையில் மாறிக்கொண்டிருக்கக் கூடாது, படங்களின் உரிமம் சரியாக இருக்க வேண்டும் என்பவை எளிதில் புரிபவை. பாட்டைப் பற்றிய கட்டுரையில் உயிரை வாங்குபவை மற்ற இரண்டும்: சொன்னதைச் சரிபார்க்க முடிகிறதா, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருக்கிறதா?

சொல்ல வேண்டியதில் முதலாவது, மெட்டு எங்கிருந்து வந்தது என்பது. ஸ்பெயினைச் சேர்ந்த என்ரிக்கே கிரானாதோஸ் பியானோவுக்காக எழுதிய 'கோயெஸ்காஸ்' தொகுப்பில், ஒரு பெண்ணும் இராப்பாடிப் பறவையும் பேசிக்கொள்வதுபோல ஒரு பகுதி வரும். வெலாஸ்கேஸ் முறையாகப் பியானோ பயின்றவர். அந்தப் பகுதியின் சாயல் அவர் பாட்டில் விழுந்திருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். இங்கே ஒரு வினைச்சொல்லுக்காகச் சோதிப்பவர் மல்லுக்கட்டுவார். 'எடுத்துக்கொண்டார்' என்றால் குற்றச்சாட்டு. 'தூண்டுதல் பெற்றார்' என்றால் அவர் மனதுக்குள் நடந்ததைச் சொன்னதாகிறது. 'ஒத்திருக்கிறது' என்றால் காதால் கேட்டுத் தீர்மானிக்கக்கூடியது. மூன்றுக்கும் வேண்டிய சான்று வேறு வேறு.

கிரானாதோஸ் பெயரைச் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. 'கோயெஸ்காஸ்' இசை நாடகமாக உருமாறி 1916 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், இங்கிலீஷ் கால்வாயில் சசெக்ஸ் என்ற கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாக, மார்ச் 24-ஆம் தேதி கிரானாதோசும் அவர் மனைவியும் உயிரிழந்தார்கள். 1916 என்ற கணக்கு சரியானால், அதே ஆண்டு ஆகஸ்டில் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் வெலாஸ்கேஸ் பிறக்கிறார். விக்கிப்பீடியாக் கட்டுரையில் இதற்கு இடமில்லை. பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சோதிப்பவர் வெட்டிவிடுவார். சரியாகத்தான் செய்வார்.

அடுத்தது வெற்றிக் கணக்கு. சன்னி ஸ்கைலரின் ஆங்கில வரிகளோடு ஜிம்மி டோர்சி குழு பதிவுசெய்த வடிவம் 1944-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 'பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதினால் தவறு. அந்தப் பட்டியல் தொடங்கியதே 1958-இல்தான். லத்தீன் பாடல்களுக்கான தனிப் பட்டியல் வந்தது 1986-இல். பட்டியல்களை வாசிக்கத் தெரியாவிட்டால் இசை வரலாறே திரிந்துபோகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று பாடகி செலினாவின் 'ஐ குட் ஃபால் இன் லவ்'. 1995 மார்ச்சில், 23 வயதில் அவர் கொலையுண்டபின் வெளிவந்த மென்பாட்டு அது. வானொலி வானொலியாக ஒலித்தது. லத்தீன் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ஹாட் 100-இல் தேடினால் இருக்காது. மக்களுக்குப் பிடிக்காததால் அல்ல. கடையில் தனிப்பாடலாக விற்கப்படாத எதையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்ற விதி 1998 டிசம்பர் வரை இருந்தது. பட்டியலை மட்டும் பார்த்து 'பெரிய வெற்றி பெறவில்லை' என்று ஒருவர் எழுதினால், இந்த விதி தெரிந்த சோதிப்பவர்தான் தடுக்க முடியும்.

பாட்டு எந்த வகை என்பதும் லேசான கேள்வியல்ல. 'பெசாமே மூச்சோ' ஒரு போலேரோ. கியூபாவின் கிழக்கே, சந்தியாகோ நகரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிதாரோடு உருவான காதல் பாட்டு வடிவம் அது. அதே பெயரில் ஸ்பெயினில் மூன்று தட்டுத் தாளத்தில் ஆடும் நடனத்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. மெக்சிகோவில் வானொலி பரவிய 1930-களில் போலேரோ வீட்டுக்கு வீடு நுழைந்தது. பிறகு பியானோவும் வயலின் கூட்டமும் சேர்ந்து, தாளக் கருவிகள் பின்னுக்குப் போய், இன்று லத்தீன் பாப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படும் 'பாலாடா'வாக இளகியது. பாடகர் லூயிஸ் மிகெல் 1997-இல் 'ரொமான்செஸ்' தொகுப்பில் இதே பாட்டைப் பாடியபோது இரண்டு காலமும் ஒரே குரலில் சந்தித்தன. பீட்டில்ஸ்கூட 1962 புத்தாண்டு நாளில் டெக்கா நிறுவனத்தில் நடந்த குரல் தேர்வில் இதைப் பாடினார்கள். பாடியவர்கள் எல்லோரையும் அடுக்கினால் கட்டுரை வருகைப் பதிவேடு ஆகிவிடும். எது பாட்டின் போக்கை மாற்றியது என்று தேர்ந்தெடுப்பதுதான் கலை.

இத்தனை கெடுபிடியும் பிழைக்கு அஞ்சித்தான். 2005 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிழை விக்கிப்பீடியாவில், மூன்று பிழை பிரிட்டானிக்காவில். பிரிட்டானிக்கா அந்த ஆய்வை மறுத்தது. யார் வென்றார்கள் என்பதைவிட, பிழை எப்படி வேர்விடுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று விளையாட்டாக ஒரு பெயரை விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றிலும் ஏறியது. பிறகு அந்த அச்சுப் பிரதிகளே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாகத் திரும்பி வந்தன. விலங்குக்கு நேர்ந்தது பாட்டுக்கும் நேரும். பதினாறு வயதுக் கதை எத்தனை இடத்தில் அச்சாகியிருந்தாலும், அத்தனையும் ஒரே இடத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் சான்று ஒன்றுதான்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. அதிலும் நம் பாடல்களைப் பற்றி, பாடலாசிரியர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த முறை ஒரு பாட்டைப் பற்றி அங்கே படிக்கும்போது, வரியின் கடைசியில் மேலே ஒட்டியிருக்கும் சிறு எண்ணைத் தொட்டுப் பாருங்கள். அது காட்டும் நூலில் அந்தச் செய்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.