சிப்பாடான் தீவும் கடலுக்கடியில் மூச்சும்



கடல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது போர்ட்டிக்சன் கடற்கரைதான். கட்டுச்சோற்றுடன் பேருந்தில் போய், பிள்ளைகளுடன் கால் நனைத்துவிட்டு மாலையில் திரும்புவோம். அங்கே நீர் வற்றிய நேரத்தில் நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் நம் நாட்டிலேயே, சபா மாநிலத்தின் கிழக்கே, சிப்பாடான் என்றொரு சின்னஞ்சிறு தீவு உண்டு. அங்கே கரையிலிருந்து ஒரு கல்லெறியும் தூரத்திற்குள் கடலடி செங்குத்தாக இறங்கிவிடுகிறது. கீழே சுமார் 600 மீட்டர் ஆழம்.

இதற்குக் காரணம் எரிமலை. கடலின் அடியிலிருந்து எழும்பி, பிறகு அவிந்துபோன ஓர் எரிமலையின் உச்சியில் பவளப் பூச்சிகள் குடியேறின. பார்வைக்குச் செடிபோல் தோன்றினாலும் இவை விலங்கினங்களே. தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்ததன் விளைவே இத்தீவு. செம்பூர்ணா பட்டணத்திலிருந்து விசைப்படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

இத்தீவுக்கு நாமும் உரிமை கொண்டாடினோம். இந்தோனேசியாவும் உரிமை கொண்டாடியது. 2002ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அனைத்துலக நீதிமன்றம் மலேசியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் எடைபோட்ட சான்றுகளுள் ஒன்று ஆமை முட்டை! அங்கே ஆமை முட்டை சேகரிப்பதை 1917லேயே வட போர்னியோ நிர்வாகம் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தியிருந்தது. பின்னர் 2004ஆம் ஆண்டு இறுதிக்குள் தீவிலிருந்த தங்கும் விடுதிகள் யாவும் அகற்றப்பட்டன. இன்று அனுமதிச் சீட்டுடன் பகலில் போய்த் திரும்பலாம்; இரவு தங்க முடியாது. சிலருக்கு வருமானம் போயிற்று என்றாலும், அது சரியான முடிவே என்பது நம் எண்ணம்.

அங்கு போகிறவர்கள் முதுகில் காற்றுக்கலம் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். இதற்கு ஸ்கூபா என்று பெயர். மருந்து தெளிக்கும் பம்பை முதுகில் சுமந்தவர்களுக்கு அந்தக் கனம் புதிதன்று. தண்ணீரில் இறங்கியதும் அது தெரியாமல் போய்விடும். கலத்தில் இருப்பது தனிப் பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றைத்தான் சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதை நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில் வாய்க்குத் தரும் கருவியை 1943ஆம் ஆண்டில் பிரான்சில் குஸ்தோ, காக்னான் என்ற இருவர் உருவாக்கினர்.

இனிதான் கவனிக்கவேண்டிய செய்தி. சிப்பாடானில் சுறா உண்டு. ஆனால் முக்குளிப்பவர் அதைவிட அஞ்சவேண்டியது தம் மார்புக்குள் இருக்கும் காற்றுக்குத்தான்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. 12 லிட்டர் கலத்தில் அடைத்த காற்று கடல்மட்டத்தில் இரண்டு மணி நேரம் வருமென்றால், 30 மீட்டரில் அரைமணி நேரந்தான் வரும். அதிலும் மேலே வருவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கவேண்டும். இன்னொன்று, அந்த ஆழத்தில் ஊதிக் கட்டிய பலூனை மேலே கொண்டுவந்தால் அது நான்கு மடங்கு உப்பும். நுரையீரலும் அப்படித்தான். பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். ஓரிரு மீட்டரே போதும். ஆகவேதான் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதைப் பயிற்சியில் முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

காற்றிலுள்ள நைட்ரஜன் ஆழத்தில் இரத்தத்தில் கரைகிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதல்லவா? வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளும் அவ்வாறே குமிழிகள் கிளம்பும். மூட்டுகளில் கடும் வலி, முடக்குவாதம், மரணம் வரைகூடப் போகும். எனவே நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும்.

சிப்பாடான் சுவரில் தரை என்று ஒன்று கண்ணில் படாது. தெளிந்த நீர், சுற்றிலும் மீன் கூட்டம். பார்த்துக்கொண்டே தம்மை அறியாமல் இறங்கிவிடுவார்கள். 30 மீட்டரைத் தாண்டினால் அதே நைட்ரஜன் கள் குடித்ததுபோல் மயக்கம் தரும். ஆழமானியைப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பே அப்போது தப்பிப்போகும்.

அச்சுவரில் ஒரு குகை இருக்கிறது. உள்ளே ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. கடலிலேயே வாழும் ஆமைக்கும் நம்மைப்போல் நுரையீரல்தான். காற்றுக்கு மேலே வந்தாகவேண்டும். இருட்டில் வழி தவறி மூச்சுமுட்டி மாண்டவை அவை என்கிறார்கள். தக்க பயிற்சி இல்லாதவர்களை வழிகாட்டிகள் அதற்குள் அழைத்துப்போவதில்லை.

மூழ்கி எழுந்தவர் உடனே தாவாவ் சென்று விமானம் ஏறவும் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், உடம்பில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் அங்கேயும் பொங்கக்கூடும். பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் தரையிலேயே இருக்கவேண்டும்.