ஆட்டுக்கால் சூப்புக்கு எந்த ஒயின்?

ஆட்டுக்கால் சூப்பை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மூட்டிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் வெந்து வெந்து ஜெலட்டினாகச் சாற்றில் இறங்கியிருக்கும். இதே ஜெலட்டின் ஒயின் ஆலைகளிலும் புழங்குகிறது. புதுச் சிவப்பு ஒயினில் துவர்ப்பு தூக்கலாக இருந்தால் துளி ஜெலட்டின் சேர்ப்பார்கள். துவர்ப்பைத் தரும் டானினைப் பிடித்துக்கொண்டு அது அடியில் படிந்துவிடும். கெட்டியான சூப்பும் சிவப்பு ஒயினும் வாய்க்குள் சந்தித்தாலும் இதைப் போன்ற ஒன்றுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம்: துவர்ப்பின் முனை மழுங்கும்.

ஆனால் கொங்கு நாட்டுச் சூப்பில் மிளகு இருக்கிறதே!

தீயில் வாட்டிச் சுரண்டிய கால்கள், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, இவற்றோடு தாராளமாகத் தட்டிப்போட்ட மிளகு. கோவை சாலையோரத் தள்ளுவண்டிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆவி பறக்கும் சூப்பின் உயிரே அந்தக் காரம்தான். ஆல்கஹால் காரத்தைத் தணிப்பதில்லை, ஏற்றிவிடும். அதிலும் 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கனமான சிவப்பு ஒயினைக் கொதிக்கும் சூப்புக்கு மேல் குடித்தால் தொண்டை எரியும். ஒயினின் பழ வாசனை போன இடம் தெரியாது.

ஷிராஸ் வகைக்குச் சிபாரிசு அதிகம். அதற்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. ஷிராஸில் வரும் மிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் என்ற சேர்மமே காரணம் என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கருமிளகின் வாசனையிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. மிளகுக்கு மிளகு, பொருத்தம் பிரமாதம் என்று சொல்லத் தோன்றும். மூக்கு ஒப்புக்கொள்ளும்; நாக்கு ஒப்புக்கொள்ளாது. ஆட்டுக்கறிக்குச் சிவப்புதான் என்பவர்கள் வறுவலுக்கு அதை வைத்துக்கொள்ளட்டும்.

சூப்புக்கு வேண்டியது மெல்லிய இனிப்பு, நல்ல புளிப்பு, குறைந்த ஆல்கஹால். இனிப்பு காரத்தை அடக்கும், புளிப்பு கொழுப்பை அறுக்கும். நாசிக் பக்கம் நிறைய விளையும் செனின் பிளாங் திராட்சையில் லேசான இனிப்போடு வரும் வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. சூப்பும் நீர், ஒயினும் நீர், இரண்டையும் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஐரோப்பாவிலும் உண்டு. ஆனாலும் அங்கே தெளிந்த சூப்போடு ஷெர்ரியைச் சின்னக் கிண்ணத்தில் கொடுப்பது பழைய வழக்கம். பிரான்ஸின் தென்மேற்குக் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேல். சூப் தீரும் தறுவாயில் தட்டிலேயே சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி, தட்டைத் தூக்கி அப்படியே குடித்துவிடுவார்கள். அதன் பெயர் ஷாப்ரோ.

உள்ளூர்த் திராட்சை என்று பார்த்தால் இடுக்கி மலையடிவாரத்தில் கம்பம் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை உலகுக்கு மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது ஊர் வரலாறு. அந்த ரகமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் இங்கிலாந்தில் உருவானது என்கின்றன திராட்சை நூல்கள். யார் கொண்டுவந்திருந்தால் என்ன, மணம் அபாரம். சீனாவின் தியான்ஜின் பகுதியில் இதே திராட்சையிலிருந்து சாப்பாட்டு ஒயின் எடுக்கிறார்கள். மிளகு சூப்புக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய திராட்சை நம் ஊரில் கிலோக் கணக்கில் தள்ளுவண்டியில் போகிறது.

சரி, குடிப்பது எங்கே? கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஏறும் சாலை சுமார் 30 கிலோமீட்டரில் ஆனைகட்டியைத் தொடுகிறது. அங்கே கொடுங்கரைப்பள்ளம் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரண்டு கரைக்கும் ஆனைகட்டி என்றே பெயர். ஆனால் அட்டப்பாடியில் 1990-களிலிருந்து மதுவிலக்கு. குடியால் சீரழிந்த பழங்குடி ஊர்களின் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய மண் அது. ஒயின் பாட்டிலைப் பற்றி ரசித்து எழுதுகிறவர்கள் பாலத்தில் நின்று கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

பாலம் தாண்டினால் ஒயினை மறந்துவிட்டு ஆட்டைப் பார்க்கலாம். உண்மையில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். அட்டப்பாடி கறுப்பாடு, கேரளத்தின் அங்கீகரிக்கப்பட்ட இரண்டு வெள்ளாட்டு இனங்களில் ஒன்று, மற்றது மலபாரி. உடம்பு முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் வெண்கல நிறம், நீண்ட கால்கள். சரிவுகளில் ஏறி இலை தழைகளைக் கடித்தே வளர்ந்துவிடும். பால் கொஞ்சம், பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி. இருளர் குடும்பங்களுக்கு அது கையிருப்புப் பணம்: விதை வாங்க ஒன்று, வைத்தியச் செலவுக்கு ஒன்று என்று விற்பார்கள்.

இந்த ஒற்றைக் குட்டிதான் அதற்கு எமன். இரட்டைக் குட்டி போடும் மலபாரியோடு கலந்தால் வருமானம் கூடும் என்று கலப்பு பெருகியது. தூய கறுப்பாடு அருகிவிட்டது. மேய்ச்சல் நிலமும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களிடம் கைமாறியது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பழங்குடிகள். இப்போது பாதிகூட இல்லை. நிலம் போன பிறகு ஆடு எங்கே மேயும்? கொட்டிலில் கட்டித் தீவனம் போடுங்கள் என்பது ஒரு தரப்பு யோசனை. மலையேறப் பிறந்த இனத்தைக் கட்டிப்போட்டு வளர்ப்பதற்குப் பேசாமல் வேறு இனத்தையே வளர்க்கலாம்.

சூப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அலைந்து மேய்ந்த ஆட்டின் காலில் சதை குறைவு, நரம்பும் மூட்டும் உறுதி. வேக நேரம் பிடிக்கும், சாறு இறங்கும். விடுதிகளில் கார்ன்ஃப்ளவர் கரைத்துக் கெட்டியாக்கிய சூப்புக்கு நாசிக் என்ன, பிரான்ஸ் என்ன, எந்த ஒயினை வைத்தாலும் ஒன்றுதான்.

ஆகவே ஆனைகட்டிப் பக்கம் போகிறவர்கள் ஒயின் பாட்டிலைத் தமிழ்நாட்டிலேயே விட்டுவிட்டுப் பாலத்தைக் கடக்கட்டும். அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் வீடுகளில் கறுப்பாட்டுக் கிடா இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேரம் பேசாமல், சொன்ன விலைக்கு வாங்குங்கள்.