மூன்றாவது அடுக்கில் இருக்கிறது சூட்சுமம்

இரும்பைச் சூடாக்கினால் 912 டிகிரி செல்சியஸில் அதன் அணுக்கள் இடம் மாறி வேறு அமைப்புக்குப் போய்விடும். ருத்தீனியம் அப்படியல்ல. 2,300 டிகிரியைத் தாண்டி உருகும்வரை ஒரே அடுக்குமுறையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிடிவாதக்கார உலோகம். அந்தப் பிடிவாதத்தை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கிடகாவாவின் குழு 2013இல் நானோ துகள்களில் தளர்த்தியது.

தட்டில் லட்டு அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரிசை, முதல் வரிசையின் குழிகளில் உட்காரும். மூன்றாவதை முதல் வரிசைக்கு நேர் மேலே வைக்கலாம். அல்லது இரண்டாவது வரிசை விட்டுவைத்த குழிகளுக்கு மேலே வைக்கலாம். முதல் வகை அறுங்கோண அடுக்கு, ருத்தீனியத்தின் இயல்பு. இரண்டாவது முகப்பு மையக் கனசதுரம், தங்கமும் பிளாட்டினமும் இந்த வகை. இரண்டிலும் நெருக்கம் ஒன்றுதான். ஆனால் துகளின் மேற்பரப்பில் வெளிப்படும் முகங்களும் படிகளும் மூலைகளும் வேறு. ருத்தீனியம் போன்ற வினையூக்கிக்கு வேலையே மேற்பரப்பில்தானே! இரும்புப் படிகத்தின் எந்த முகம் வெளியே இருக்கிறது என்பதைப் பொறுத்து அம்மோனியா உருவாகும் வேகம் மாறுவதெல்லாம் மேற்பரப்பு வேதியியலில் பழைய செய்தி.

கியோட்டோவில் கையாண்ட முறை எளிமையானது. கிளைக்கால் வகைத் திரவத்தில் ருத்தீனியச் சேர்மத்தைச் சூடாக்கி, துகள்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க பிவிபி என்ற பாலிமரைச் சேர்த்தார்கள். மாத்திரைகளில் பிணைப்பானாகச் சேர்க்கிறார்களே, அதே பொருள்தான். குளோரைடில் தொடங்கினால் அறுங்கோணம். அசிட்டைல்அசிட்டோனேட்டில் தொடங்கினால் கனசதுரம். எந்தச் சேர்மத்தை எடுத்தார்கள் என்பதே படிகத்தைத் தீர்மானித்துவிட்டது. துகள்களின் குறுக்களவு 2 முதல் 5.5 நானோமீட்டர்.

கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றும் வினையில் இரண்டையும் சோதித்தார்கள். எரிபொருள் மின்கலத்தின் பிளாட்டினத்தை முடக்கும் வாயு அது. எரிபொருளான ஹைட்ரஜனிலிருந்து அதை நீக்கியாக வேண்டும். புதிய அடுக்கு எல்லா அளவிலும் ஜெயித்திருந்தால் இவ்வளவு சுவாரஸ்யம் இருந்திருக்காது. சுமார் 3 நானோமீட்டருக்குக் கீழே பழைய அறுங்கோணமே மேல். அதைத் தாண்டினால் கனசதுரம் முந்துகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க வினைத்திறன் கூடும் என்ற வழக்கமான எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக, கனசதுரத் துகள் பெருக்கப் பெருக்கச் சுறுசுறுப்பாகிறது.

இந்த அடுக்கு வித்தை தனி ருத்தீனியத்தோடு நிற்கவில்லை. கட்டி உலோகமாக இருக்கையில் தங்கமும் ருத்தீனியமும் ஒன்றோடொன்று கலக்காது. கிடகாவாவின் குழு 2018இல் இரண்டையும் ஒரே நானோ துகளுக்குள் கலந்தது; அந்தக் கலவையிலும் இரு அடுக்குகளில் வேண்டியதை வரவழைத்தது.