அத்தோ வீட்டிலேயே செய்யலாம், கலர்ப் பொடி வேண்டாம்



"சாயங்காலமானா பிள்ளைங்க அத்தோ கேட்குறாங்க, தினமும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகலை" என்று ஆவடி, பூந்தமல்லி பக்கக் குழுக் கூட்டங்களில் சொல்கிறீர்கள். வீட்டிலேயே செய்யலாமே!

அத்தோ என்பது பர்மா நூடுல்ஸ். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகள் அரசுடைமையாயின. எல்லாத்தையும் விட்டுட்டு வந்த நம்ம தமிழ்க் குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த சமையல் இது. சென்னை பர்மா பஜார் பக்கம் இதை விற்றே பலர் பிழைத்தார்கள்.

செய்முறை: நான்கு பேருக்கு 200 கிராம் நூடுல்ஸை உப்பு, அரை ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து வடித்து ஆறவிடுங்கள். மெலிதாக நறுக்கிய கோஸ், வெங்காயம், கொத்தமல்லி, 2 ஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடி, இடித்த காய்ந்த மிளகாய், புளித் தண்ணீர், சிவக்க வறுத்த பூண்டு, அந்த எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசறுங்கள். மேலே தட்டையை நொறுக்கிப் போடுங்கள். வாழைத்தண்டு சூப் இருந்தால் இன்னும் ருசி.

கவனிக்க வேண்டியவை: கோஸ் பச்சையாகவே சேர்வதால் நன்றாகக் கழுவணும். புளியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்கணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிசறணும். செய்ததை உடனே சாப்பிட்டுடணும்.

ஆரஞ்சு நிறம் வரணும்னு கலர்ப் பொடி போடாதீங்க. 2024-ல் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருந்ததால்தான் தமிழக அரசு அதைத் தடை செய்தது. எது சாயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நமக்கு மஞ்சள்தூளே போதும்.

விற்க நினைக்கும் குழுக்கள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். பிறகு கடை போடலாம்.